அந்த ஒரு ரூபாய்க்கு என்ன விலைங்க?

போன வாரம் என் கையில் ஒரே ஒரு ரூபாய் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே... கோடிக்கணக்கில் வைத்திருப்பவர்கள்கூட அப்படிப் பட்டிருக்க மாட்டார்கள்.

எல்லாம் ஒரு போனில் ஆரம்பித்தது. பெருந்துறையிலிருந்து நங்கை கூப்பிட்டார். எங்கள் பக்கம் நங்கை என்றால் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா, பெயர் சரஸ்வதி. சாதாரணமாக நங்கை போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கும். அன்றைக்கு என்னவோ குசுகுசு.

"அம்மணி, பக்கத்துல யாரும் இல்லீல்ல?"

யாருக்கு என்ன ஆச்சோ! போன் வந்தாலே எனக்கு முதலில் ஆஸ்பத்திரிதான் ஞாபகத்துக்கு வரும். என் சுபாவம் அப்படி. பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

"யாருமில்லீங்க நங்கை. என்னாச்சுங்க?"

"அம்மாவோட பொட்டியத் தொடச்சு வெக்கலாம்னு தெறந்தேன். அடியில ஒரு வெள்ளி ரூவா கெடந்துச்சு. வெள்ளக்கார ராசா தல போட்டது. கவிதா வந்திருக்கறாளா, அவ போன்ல என்னமோ வீடியோ பாத்துப்போட்டு, 'அம்மா, இந்த வருசத்துக் காசு லச்சக்கணக்குல போகுது'ங்கறா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ பேப்பர்ல எழுதறவ. நாலு பேரத் தெரியும். நெசமாலுமே அதுக்கு என்ன வெலைன்னு கேட்டுச் சொல்லு கண்ணு."

அது எந்த வருஷத்துக் காசு என்கிறீர்களா? சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தப் பக்கத்தை அப்படியே கவிழ்த்துப் போட்டுவிட்டு பீரோவைக் குடையப் போய்விடுவீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். மாமியார் காலமான பிறகு கோபிசெட்டிபாளையம் பக்கத்து வயல் என் வீட்டுக்காரர் பெயருக்கு வந்தது. சட்டப்படி நங்கைக்கும் அதில் பங்கு உண்டு. நங்கை அந்தப் பங்கைக் கேட்கவே இல்லை. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்தார், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார், "அம்மா பொட்டிய மட்டும் எனக்குக் குடுத்துரு சாமி" என்றார். எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். தம்பி காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னதற்குக்கூட நிற்கவில்லை.

அதிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அக்கா என்றால் ஒரு படி கூடுதல் பயம். தீபாவளிக்குப் புடவை எடுத்தாலும் சரி, மாம்பழம் ஒரு கூடை அனுப்பினாலும் சரி... "அக்கா நம்மள ஒண்ணும் நெனச்சுக்கக் கூடாது." இதுதான் எங்கள் வீட்டுத் தேசிய கீதம்.

இவர் கணபதிப் பகுதியில் ஒரு சின்னப் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் பாகங்கள், கைப்பிடிகள், குழாய்கள் என்று ஆர்டர் வரும். பஃபிங் வீலில் பிடித்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பார். பெருந்துறைக்கு லோடு கொண்டுபோன நாளில், வரும் வழியில் அக்கா வீட்டுக்குப் போய்க் காசை வாங்கி வந்தார். சட்டைப் பையில், மருந்துக் கடை பில்லில் சுருட்டி!

"ஏனுங்க, லட்ச ரூபாய்ச் சமாச்சாரம்... இப்படியா கொண்டு வருவீங்க?"

"பத்திரமாத்தான வந்திருக்குது. அக்கா என்னமோ அழுது பொலம்பிட்டே இருந்துச்சு. வண்டிய எடுக்கற அவசரத்துல சரியாக் காதுல வாங்கல."

"என்னன்னு பொலம்பினாங்க?"

"இந்தக் காசு வந்ததுல இருந்து ஊடு ஊடா இல்லேன்னுச்சு. சந்தோசத்துலதான் இருக்கும், வேறென்ன."

ஆண்களின் காது எப்படி வேலை செய்கிறது என்று யாராவது ஆராய்ச்சி பண்ணலாம்.

காசைப் பார்த்தேன். கறுத்துப்போய், ஓரமெல்லாம் செம்பட்டை பாய்ந்து, எழுத்துக்களின் இடுக்கில் பிசுக்கு ஏறி... ரோட்டில் கிடந்தால் குனிந்து எடுக்க யோசிப்பேன். இதற்கா லட்சம்?

முதல் பிரச்சினை, அதை எங்கே வைப்பது? பீரோவில் வைத்தால் திருடன் முதலில் அங்கேதான் வருவான். பூஜை அறையில் வைத்தால் வேலைக்கு வருகிற அம்மாள் ஊதுபத்திச் சாம்பலோடு கூட்டிவிடுவார். கடைசியில் அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். அப்புறம் ஒவ்வொரு தடவை அரிசி அளக்கும்போதும் பக்கென்றது... குக்கருக்குள் போய்விட்டால்? அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சப்பாத்திதான்.

இரண்டாவது பிரச்சினைதான் பெரியது. விலை.

செல்போனில் தேடினேன். ஒருத்தர் அதே காசுக்கு ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரம் போட்டிருந்தார். கீழேயே இன்னொருத்தர், அதே ராஜா, அதே வருஷம், நானூற்றைம்பது ரூபாய், டெலிவரி இலவசம் என்கிறார். நடுவில் ஒருத்தர் 'விலைக்கு போன் செய்யவும்' என்று மட்டும் போட்டிருந்தார். எதை நம்புவது?

நம் ஊரில் சென்ட் விலை விசாரித்திருக்கிறீர்களா? விற்கிறவர் ஒன்று சொல்வார். புரோக்கர் ஒன்று சொல்வார். பத்திரத்தில் வேறு ஒன்று இருக்கும். பக்கத்து சைட்காரர், 'அவ்வளவெல்லாம் போகாதுங்க' என்று சொல்லிவிட்டுத் தன்னுடையதற்கு அதைவிடக் கூடக் கேட்பார். காசு விஷயமும் அதே கதைதான். என்ன, சைட்டை அரிசி டப்பாவில் வைக்க வேண்டியதில்லை.

கவிதா பார்த்த அந்த வீடியோவையும் பார்த்தேன். 'உங்க வீட்ல இந்தக் காயின் இருக்கா? நீங்கதான் அடுத்த லட்சாதிபதி!' என்று ஒரு பையன் கத்துகிறான். கீழே ஒரு நம்பர். அடித்தேன். தேன் வடியும் குரலில் ஒருத்தர் பேசினார்.

"மேடம், உங்க காயினை எட்டு லட்சத்துக்கு நாங்களே எடுத்துக்கறோம்."

"காசை நீங்க பார்க்கவே இல்லையே சார்?"

"அதெல்லாம் தேவையில்லை மேடம். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் ஒரு சின்ன அமௌன்ட் இப்பவே அனுப்பிடுங்க."

"அந்தச் சின்ன அமௌன்ட்டை எட்டு லட்சத்துல கழிச்சுக்கிட்டு மீதியைக் குடுத்துடுங்களேன்."

டொக்! லைன் கட். சிரித்துவிட்டேன்தான். ஆனால் உடனே பயமும் வந்தது. நங்கை கையில் அந்த நம்பர் கிடைத்திருந்தால்? அந்தத் தேன் குரலுக்கு, 'கண்ணு, சாப்ட்டியா?' என்று கேட்டுவிட்டுப் பணத்தையும் அனுப்பியிருப்பார்.

என் வீட்டுக்காரரோ வேறு உலகத்தில் இருந்தார். சாப்பிடும்போது திடீரென்று கேட்டார்.

"நெசமாவே நாலஞ்சு லட்சம் வருமா அம்மணி?"

"தெரியலைங்க. எதுக்குங்க?"

"வந்துச்சுன்னா எனக்கு நிம்மதி. அக்காவுக்கும் ஒரு பங்கு போன மாதிரி ஆகும். நெலத்த நெனச்சா இன்னிக்கும் சோறு எறங்க மாட்டேங்குது."

ஒரு நல்ல மனுஷன் ஒரு கறுப்புக் காசை நம்பி இப்படி உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்! விலை குறைந்து போனால் நங்கைக்கு வருத்தம் என்று மட்டும்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இவருக்கும் சேர்த்துக் கவலைப்பட வேண்டியதாயிற்று.

டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றில் பழைய காசு, ஸ்டாம்பு விற்கிற பாய் ஒருத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். காசைக் கொண்டு போகப் பயம். போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். பாய் அதைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"போட்டோவ வெச்சுப் பொண்ணு பாக்கலாமுங்கம்மா. காசு பாக்க முடியாதுங்க."

"சும்மா ஒரு அளவு சொல்லுங்க பாய். நெட்ல ஒன்பது லட்சம்கூடப் போட்டிருக்காங்க."

"கேக்கற வெலைய யாரு வேணாலும் கேக்கலாமுங்களே. நானுங்கூட இந்தக் கடைக்கு நூறு கோடி கேப்பேன். குடுக்கறதுக்கு ஆள் வேணுமில்லீங்களா? வித்து முடிஞ்ச வெலைய மட்டும்தான் பாக்கோணும்."

ஏலத்தில் உண்மையாகவே கை மாறிய விலைகளைத் தன் போனில் எடுத்துக் காட்டினார். நங்கையின் ராஜா அங்கே இரண்டு இடத்தில் இருந்தார். ஒருவர் லட்சத்தைத் தாண்டியிருந்தார். இன்னொருவர் சில ஆயிரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரே வருஷம், ஒரே தலை. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அது காசோட நெலமையப் பொறுத்துதுங்க. அது போக, இந்த வருசத்துக்கு டூப்ளிகேட்டும் நெறைய. நேர்ல கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் இரண்டு பேருமாகப் போவது என்று முடிவானது. 'காசோட நெலமையப் பொறுத்துது' என்று பாய் சொன்னதையும் சொன்னேன். ஐயோ, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்!

மறுநாள் காலையில் இவர் வழக்கம்போலப் பட்டறைக்குப் போனார். மத்தியானம் என்னைக் கூப்பிட வந்தபோது முகமெல்லாம் பல். சட்டைப் பையிலிருந்து, பட்டறையில் மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியில் பொதிந்த எதையோ எடுத்துப் பிரித்தார்.

பளீர்!

ராஜா ஜொலித்தார். கறுப்பு இல்லை, செம்பட்டை இல்லை, பிசுக்கு இல்லை. என் முகம் அதில் தெரிந்தது.

"ஏனுங்க... இது அந்தக் காசா?"

"அதேதான். காத்தால அரிசி டப்பாவுல இருந்து எடுத்துட்டுப் போனேன். சொந்தக்காரங்க ஊட்டுக்கே அழுக்கு வேட்டியோட போக மாட்டோம், வெலை பேசற எடத்துக்கு இப்பிடியா கொண்டு போறது? வீல்ல ரெண்டு புடி புடிச்சேன். பினிஷிங் பாரு!"

அது அவர் தொழில் புத்தி. கணபதியில் இருக்கிற எந்தப் பட்டறைக்காரரைக் கேட்டாலும் இதையேதான் செய்திருப்பார். ஒரு பொருள் கையை விட்டுப் போகிறதென்றால் பினிஷிங் போட்டுத்தான் போக வேண்டும், அப்போதுதான் பார்ட்டி விலையை மதிப்பான். முப்பது வருஷமாக அவர் சாப்பிடுகிற சோறு அது. நான் மட்டும் என்ன கண்டேன்? "அட, புதுசாட்டம் இருக்குங்களே!" என்று சந்தோஷப்பட்டேன்.

பாய் சந்தோஷப்படவில்லை.

காசைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். தராசில் போட்டார். திரும்ப லென்ஸ். டாக்டர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருப்பார்களே, அந்த மாதிரி ஒரு மௌனம்.

"இது யாருங்க பாலிஷ் போட்டது?"

"நாந்தானுங்க!" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

"நல்ல கைங்க உங்களுக்கு. ஆனா... காசு போச்சுங்களே."

"போச்சுன்னா?"

"பழைய காசுக்கு அந்த மேல்தோல்தானுங்க வெலையே. அத உரிச்சுப்போட்டீங்க. கிரீடத்துல இருந்த வேலைப்பாடு மழுங்கிப்போச்சு. வருசத்துல இருக்கற நம்பர் மழுங்கிப்போச்சு. இது ஒரிஜினலா, இல்ல வேற வருசத்துக் காசுல நம்பரச் செதுக்கி மாத்துனதான்னுகூட இப்பச் சொல்ல முடியாது. எடையும் சித்த கம்மியா இருக்குது. நீங்க தேச்சதுல கொறஞ்சுதா, இல்ல மொதல்லயே டூப்ளிகேட்டாங்கறது யாருக்குத் தெரியும்?"

இவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. நான்தான் கேட்டேன்.

"பாய், பாலிஷ் போடாம இருந்திருந்தா என்ன விலை போயிருக்கும்?"

"அதச் சொல்றதுக்குப் பாலிஷ் போடறதுக்கு முன்னாடி பாத்திருக்கோணுமுங்கம்மா."

போனில் இருந்த பழைய படத்தை எடுத்து நீட்டினேன். பெரிசு பண்ணிப் பார்த்தார். பாவம், எங்களுக்காக ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க கை நெழல் விழுந்திருக்குது. இதுல லட்சமும் தெரியுது, ஆயிரமும் தெரியுது. நான் என்னன்னு சொல்றது? இப்போதைக்கு வெள்ளி வெலைதானுங்க."

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். இவர் சாவியைப் போடாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா நான் வேணும்னே பண்ணினதா நெனைக்கும்."

"சேச்சே, நங்கை அப்படியெல்லாம்..."

"நெனைக்கும் அம்மணி. வெளிய சொல்லாது, மனசுல நெனைக்கும். நெலத்தையும் எடுத்துக்கிட்டான், அம்மா பொட்டியில இருந்த ஒத்தக் காசையும் அழிச்சுப்போட்டான்னு நெனைக்கும். நான் அந்த எடத்துல இருந்தா அப்படித்தான் நெனப்பேன்."

எனக்கு ஒரு குறுக்கு யோசனை வந்தது. மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன். பாலிஷ் கதையை விட்டுவிட்டு, 'கடையில காட்டினோம், வெள்ளி விலைதான்னுட்டாங்க நங்கை' என்று போனிலேயே முடித்துவிட்டால் என்ன? பொய்யும் இல்லை. இவரிடம் சொன்னேன்.

"அக்காகிட்ட அப்படி மறைச்சுப் பேச என் நாக்கு பொரளாது. நேர்ல போய்ச் சொல்லிப்போடலாம்."

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைக்குக் கிளம்பினோம். அவிநாசி தாண்டும் வரை இவர் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்தார். பேசாமலேயே இருந்திருக்கலாம்.

"என்ன போச்சோ அதக் குடுத்துரலாம். வயல்ல ஒரு பகுதிய அக்கா பேருக்கு எழுதி வெச்சறலாம்."

"எவ்வளவுங்க எழுதுவீங்க? எவ்வளவு போச்சுன்னே தெரியலையே!"

அதுதான் சார், அதுதான் என் நெஞ்சை அறுத்தது. ஒரு பொருளைத் தொலைத்தால் இவ்வளவு போச்சு என்று அழுது தீர்த்துக்கொள்ளலாம். இதில் அழுவதற்குக்கூட ஒரு அளவு இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கு அழுவதா, ஐந்து லட்சத்துக்கு அழுவதா? சந்தோஷம் போனால் போகிறது, துக்கத்துக்காவது ஒரு நியாயமான மார்க்கெட் விலை வேண்டாமா?

நங்கை வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க, வாங்க" என்றார். முகம் வாடிப்போயிருந்தது. தண்ணீர் கொடுத்தார். ஹாலில் உட்கார்ந்தோம்.

வீடு என்னவோ போல இருந்தது. நங்கையின் வீட்டுக்காரர் இறந்த பிறகு அங்கே நங்கையும் மகன் பிரபுவும்தான். பிரபு பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மகள் கவிதாவை கோபியில் கட்டிக்கொடுத்திருக்கிறது, பள்ளி லீவுக்குக் குழந்தையோடு வந்திருந்தாள். ஹாலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ரூம்பு. இரண்டும் சாத்தியிருந்தது. ஒன்றிலிருந்து டிவி சத்தம். இன்னொன்றில் குழந்தை சிணுங்குகிற சத்தம். ஆனால் யாரும் வெளியே வரவில்லை.

இது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. வீட்டுக்கு ஒறம்பறை, அதாவது சொந்தக்காரர்கள் வந்தால், வெட்டுக்குத்துச் சண்டையில் இருப்பவர்கள்கூட நிறுத்திவிட்டு வந்து "வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பப் போய்ச் சண்டையைத் தொடர்வார்கள். தாய்மாமன் வந்து உட்கார்ந்திருக்கிறார், மருமக்கள் இரண்டு பேரும் "வாங்க மாமா" சொல்லவில்லை!

எனக்குப் புரிந்துவிட்டது. விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது! பாய்க்கு இந்த ஊரில் யாராவது சொந்தம் இருக்குமோ? இல்லை, பட்டறைப் பையன்கள் யாராவது உளறியிருப்பார்களோ? எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

இவர் அதற்கு மேல் தாங்கவில்லை. பனியன் வேஸ்ட் பொட்டலத்தை எடுத்து நங்கை கையில் வைத்தார்.

"அக்கா, நான் கெடுத்துப்போட்டேன்."

நங்கை பிரித்தார். வெளிச்சம் பட்டு, காசின் மினுக்கம் அவர் கன்னத்தில் அடித்தது.

"என்ன சாமி பண்ணினே?"

"அழுக்கா இருந்துச்சேன்னு பஃப் அடிச்சுப்போட்டேன். அப்படிப் பண்ணக் கூடாதாமா. என்ன வெலை போயிருக்கும்னே இப்பத் தெரியாதாமா. இனி இது..." குரல் உள்ளே போய்விட்டது. "வெள்ளி வெலைதானாமாக்கா."

"என்னது?"

"வெள்ளி வெலைதான்."

"கேக்கல. சத்தமாச் சொல்லு சாமி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த வயதில், பெண்டாட்டி எதிரில், அந்த மனுஷனை இதற்கு மேலும் வதைக்க வேண்டுமா?

"வெள்ளி வெலைதானுங்க்கா!" என்றார் இவர், அழுகிற மாதிரி.

"இன்னுஞ் சத்தமா. அந்த ரூம்புக்கும் கேக்கோணும், இந்த ரூம்புக்கும் கேக்கோணும்."

அப்போதுதான் நான் நங்கையின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அது கோபம் இல்லை.

"லச்சக்கணக்குல போகுதுன்னு அந்த வீடியோவப் பாத்ததுல இருந்து ரெண்டும் பேச்சுவார்த்தை இல்ல" என்றார் எங்களைப் பார்த்து, குரலைத் துளியும் குறைக்காமல். "அம்மாயி காசு பேத்திக்குத்தான்னு அவ. ஊட்டோட இருந்து அம்மாவப் பாத்துக்கறவன் நானுன்னு இவன். ஒருத்தி சாப்ட்டு எந்திரிச்சாத்தான் இன்னொருத்தன் வட்டலெடுக்கறான். காசு இன்னும் விக்கவே இல்ல, அதுக்குள்ள பங்கு பிரிச்சு, சண்டையும் போட்டு முடிச்சுப்போட்டாங்க. நான் அத எடுத்துக் கெணத்துலயே போட்றலாம்னு இருந்தேன்!"

டிவி சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் ஒரு கதவு திறந்தது. பிரபு. "வாங்க மாமா... வாங்க அத்தை..." என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான். நாங்கள் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த கதவும் திறந்தது. கவிதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "எப்பங்க மாமா வந்தீங்க?" என்றாள். குழந்தை நேராகப் பிரபுவிடம் தாவியது. அவனும் வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டவன் சும்மா இருந்தானா?

"வெள்ளி இன்னிக்குக் கிராம் என்ன வெலைங்க மாமா?"

"டேய்!" என்று நங்கை போட்ட சத்தத்தில் குழந்தை அழ ஆரம்பித்தது. கவிதா சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான்.

மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாகச் சோறு வாங்கினார். பாய் கடையிலிருந்து வந்ததிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். நெய்யை நங்கை கரண்டி கரண்டியாக ஊற்றினார். அவர் தம்பியைப் பார்த்த பார்வையில் ஒரு பெருமை இருந்தது. கெடுத்தவனைப் பார்க்கிற பார்வையாக அது தெரியவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிரச்சினை முடிந்ததே என்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்ட பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். நங்கை பின்னாலேயே வந்தார். கதவை லேசாகச் சாத்தினார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லோணும்."

"கேளுங்க நங்கை."

"தம்பி அந்தக் காச வேணும்னேதான தேச்சான்?"

போச்சு. இவர் காரில் சொன்ன அதே வார்த்தை. வெளியே சிரித்து, நெய் ஊற்றி, எல்லாம் செய்துவிட்டு மனசுக்குள் இதுதான் இருந்திருக்கிறது! கையிலிருந்த தட்டைச் சிங்கில் போட்டுவிட்டுத் திரும்பினேன். முப்பது வருஷ உறவு இந்த ஒரு பதிலில் நிற்கிறது என்று தோன்றியது. படபடவென்று பேச ஆரம்பித்துவிட்டேன்.

"ஐயோ, இல்லவே இல்லீங்க நங்கை! உங்க தம்பிக்கு அந்தச் சூதெல்லாம் தெரியாதுங்க. நல்ல வெலை வரட்டும், அக்காவுக்கு ஒரு பங்கு போன மாதிரி இருக்கும்னுதான் தேச்சார். இப்பவே வேணாலும் உங்க சாமி ரூம்புல சூடம் பத்த வெச்சு, அணைச்சுச் சத்தியம் பண்றேனுங்க. வேணும்னு பண்ணலீங்க. சத்தியமாத் தெரியாமத்தான்!"

நங்கையின் முகம் பொக்கென்று போய்விட்டது.

"தெரியாமத்தான் பண்ணினானா..."

அடுப்பு மேடையைத் துணியால் ஒரு தடவை துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"அன்னிக்குக் காச வாங்க வந்தப்ப அவங்கிட்டச் சொல்லி அழுதேன் கண்ணு. இது வந்ததுல இருந்து ஊடு ஊடா இல்லடான்னு. அக்கா அழுகறாளே, லச்சம் போனாலும் போகட்டும்னு எனக்காகத்தான் அழிச்சுப்போட்டான்னு நெனச்சுப்போட்டேன். நெலத்துக்குக் கையெழுத்துப் போட்டதுக்கு என்ர தம்பி பதிலுக்கு ஒண்ணு பண்ணிப்போட்டான்னு... மனசு அப்படியே குளுந்து கெடந்துச்சு."

நான் சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும்... சூடம் வரைக்கும் போயிருக்க வேண்டாம்.